'நிறைவேறாத தேவை' என்ற எண் எதைப் பார்ப்பதில்லை?

குடும்பக் கட்டுப்பாடு பற்றிய எந்த அறிக்கையைத் திறந்தாலும் ஓர் எண் கண்ணில் படும். ஆங்கிலத்தில் 'அன்மெட் நீட்' என்பார்கள். தமிழில் 'நிறைவேறாத தேவை' என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்றோ, இனிமேல் வேண்டவே வேண்டாம் என்றோ நினைக்கிறார், ஆனால் எந்தக் கருத்தடை முறையும் பயன்படுத்தவில்லை. அப்படியானால் அவருக்கு நிறைவேறாத தேவை இருக்கிறது என்று கணக்கு. 2015-16ல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் திருமணமான பெண்களில் 12.9 சதவீதம் பேர் இந்தக் கணக்கில் வந்தார்கள். 2019-21ல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அது 9.4 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அதைவிடவும் குறைவு.

எண் குறைந்தால் தடைகள் குறைந்துவிட்டன என்று படிப்பதுதான் வழக்கம். செய்தித்தாளும் அப்படித்தான் எழுதும், துறை அறிக்கையும் அப்படித்தான் எழுதும். எனக்கு மக்கள்தொகையியல் படிப்பு எதுவும் கிடையாது. நான் சாஃப்ட்வேர் வேலை செய்கிறவன். ஆனால் ஒரு எண் எப்படி வருகிறது என்று அதன் லாஜிக்கைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் தொழிலில் வந்துவிட்டது. அப்படிப் பிரித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: இந்த எண் பெண் கர்ப்பம் ஆகாமல் இருப்பதை அளக்கிறது. அவருக்குத் தேர்ந்தெடுக்க வழி இருந்ததா என்பதை அளக்கவில்லை. தமிழ்நாடு மாதிரி மாநிலத்தில் மிச்சமிருக்கும் தடைகள் எல்லாம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அதனால் எண்ணில் தெரிவதில்லை.

எண் எப்படி வருகிறது

முதலில் கொஞ்சம் வரலாறு. 1960களில் பல நாடுகளில் கருத்தடை பற்றிய அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று மூன்றையும் கேட்கும் சர்வேக்கள் நடந்தன. இனிக் குழந்தை வேண்டாம் என்று சொல்கிற பெண்கள் நிறையப் பேர், ஆனால் அதற்காக ஏதாவது செய்கிறவர்கள் குறைவு. இந்த இடைவெளிதான் பின்னாளில் 'நிறைவேறாத தேவை' ஆனது. அமெரிக்க மக்கள்தொகையியலாளர் சார்லஸ் வெஸ்டாஃப் 1970களின் இறுதியில் அதற்கு ஒரு வரையறை கொடுத்தார். பிறகு பல திருத்தங்கள். நாட்டுக்கு நாடு, சர்வேக்குச் சர்வே கணக்கு மாறிக்கொண்டே இருந்ததால், 2012ல் வெஸ்டாஃப் உட்பட நான்கு பேர் சேர்ந்து எல்லா நாடுகளுக்கும் பொருந்துகிற மாதிரி எளிமையாக்கினார்கள். இன்று உலகம் முழுக்கப் புழங்குவது அந்த 2012 வடிவம்தான்.

அதன் லாஜிக் சுருக்கமாக இப்படிப் போகும். முதல் கேள்வி: இப்போது ஏதாவது ஒரு முறையைப் பயன்படுத்துகிறாரா? ஆம் என்றால் தேவை நிறைவேறியது, அடுத்த ஆளுக்குப் போ. இல்லை என்றால் இரண்டாவது கேள்வி: கர்ப்பமாக இருக்கிறாரா, அல்லது சமீபத்தில் பிரசவம் ஆகி இன்னும் மாதவிலக்கு திரும்பவில்லையா? அப்படியென்றால் அந்தக் கர்ப்பம் அப்போது வேண்டியிருந்ததா என்று பார். அதுவும் இல்லை என்றால் மூன்றாவது: இவர் இனிக் கருத்தரிக்கக் கூடியவர்தானா? ஆம் என்றால் கடைசிக் கேள்வி: இரண்டு வருஷத்துக்குள் குழந்தை வேண்டுமா? வேண்டாம் என்றால் நிறைவேறாத தேவை.

புரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு இதைப் பார்த்த உடனே ஒன்று தெரியும். முதல் 'இஃப்'பிலேயே ரிட்டர்ன் ஆகிவிடுகிறது. ஏதோ ஒரு முறையில் இருக்கிற பெண்ணிடம் மேற்கொண்டு எந்தக் கேள்வியும் இல்லை. அது அவர் கேட்ட முறையா? வேறு முறைகள் பற்றி அவருக்குச் சொன்னார்களா? காப்பர் டி போட்டதிலிருந்து உதிரப்போக்கு நிற்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று கேட்டு, "கொஞ்ச நாள் போகட்டும்மா" என்று திருப்பி அனுப்பப்பட்டவரா? எல்லோரும் 'தேவை நிறைவேறியவர்கள்' என்ற ஒரே பெட்டியில்தான் விழுவார்கள்.

இன்னொரு இடம் இதைவிட விசித்திரம். முறை பயன்படுத்துகிறவர்களை 'இடைவெளிக்காக' என்றும் 'இனி வேண்டாம் என்பதற்காக' என்றும் இரண்டாகப் பிரிப்பார்கள். பிரிப்பதற்கு அந்தப் பெண்ணின் விருப்பம் தெரியவேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு விருப்பம் என்ற இடத்தில் 'ஆபரேஷன் செய்தவர்' என்ற கோடுதான் இருக்கும். அதை வைத்து அவரை 'இனி வேண்டாம்' பெட்டியில் போட்டுவிடும். அதாவது அவருக்கு என்ன நடந்தது என்பதிலிருந்து அவர் என்ன விரும்பினார் என்று முடிவு கட்டுகிறார்கள். என் வேலையில் ஒருவர் இப்படி டெஸ்ட் எழுதிக்கொண்டு வந்தால் ரிவ்யூவில் திருப்பி அனுப்புவோம். வெளியே வந்த விடையையே எதிர்பார்த்த விடையாக வைத்துக்கொண்டால் அந்த டெஸ்ட் என்றைக்கும் ஃபெயில் ஆகாது.

தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

இது ஏட்டுச் சிக்கல் மட்டும் இல்லை என்பதற்கு நம் பேச்சு மொழியே சாட்சி. "குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டால் என்ன அர்த்தம்? ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று அர்த்தம். மாத்திரை சாப்பிடுகிற பெண் தான் குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருப்பதாகச் சொல்லமாட்டார். ஆணுறை பயன்படுத்துகிற கணவனும் சொல்லமாட்டான். ஒரு துறையின் பெயரே ஒரு ஆபரேஷனின் பெயராகச் சுருங்கிவிட்டது. 1977க்குப் பிறகு மத்திய அரசு 'குடும்ப நலம்' என்று பெயரை மாற்றிப் பார்த்தது. அலுவலகப் பலகைகளில் மாறியது, வாயில் மாறவில்லை.

எண்களும் அதையே சொல்கின்றன. ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏதாவது ஒரு முறையில் இருப்பவர்கள் சுமார் 69 சதவீதம். அதில் பெண்கள் செய்துகொண்ட ஆபரேஷன் மட்டும் சுமார் 58. வகுத்துப் பார்த்தால், கருத்தடை முறையில் இருக்கும் 100 பேரில் 84 பேர். ஆந்திராவில் இன்னும் தீவிரம்: மொத்தம் ஏறக்குறைய 71, அதில் பெண்களின் ஆபரேஷன் ஏறக்குறைய 70. மற்ற எல்லா முறைகளும் சேர்ந்து மிச்சமிருக்கும் ஒன்று ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தியா முழுமைக்கும் பெண்களின் ஆபரேஷன் 37.9, ஆணுறை 9.5, மாத்திரை 5.1, காப்பர் டி 2.1. ஆண்களின் ஆபரேஷன் 0.3.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். 84 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 25 வயதில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண் 49 வயது வரை எல்லா சர்வேயிலும் 'பயனாளி'யாக வருவார். இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டவர் அந்த இரண்டு வருஷத்தில் சர்வே வந்தால்தான் கணக்கில் வருவார். ஒருமுறை உள்ளே வந்தால் வெளியே போகாத முறை, எந்த நாள் எண்ணிப் பார்த்தாலும் பெரிதாகத்தான் தெரியும். சரி, அதைக் கழித்துவிடுவோம். கழித்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது: ஆபரேஷனுக்கு முந்தைய வருஷங்களில் என்ன நடக்கிறது?

கல்யாணத்துக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில்

குடும்பநல ஆய்வுகள் ஆபரேஷன் செய்துகொண்ட வயதையும் கேட்கின்றன. இந்திய அளவில் அதன் இடைநிலை வயது 25-26ஐ ஒட்டியே இருந்துவருகிறது. அதாவது ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 26 வயதுக்குள் செய்துகொண்டவர்கள். கல்யாணம், முதல் குழந்தை, இரண்டாவது குழந்தை, ஆபரேஷன் எல்லாமே சில வருஷங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. பிள்ளைப்பேறு வயது என்று சொல்லும் 15-49ல் மிச்சம் இருபத்திச் சொச்சம் வருஷம் அப்படியே இருக்கிறது.

இந்தக் குறுகிய காலத்தில் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படுவது தற்காலிக முறைகள். படிப்பை முடிக்க, வேலையில் நிலைக்க, முதல் பிரசவத்திலிருந்து உடம்பு தேற. ஆனால் சர்வேயை வயது வாரியாகப் பிரித்தால், கருத்தடைப் பயன்பாடு மிகக் குறைவாக இருப்பது இந்த இளம் பெண்களிடம்தான். புதுசாகக் கல்யாணம் ஆனவரிடம் "விசேஷம் உண்டா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். "கொஞ்ச நாள் தள்ளிப்போட என்னென்ன வழி இருக்கு தெரியுமா?" என்று கேட்க ஆள் இல்லை. ஒரு வருஷத்தில் கர்ப்பம் இல்லை என்றால் குறை இவரிடம் என்று பேச்சு வரும். அந்தப் பயத்தில் "ஆமாம், உடனே குழந்தை வேண்டும்" என்று சர்வேக்காரரிடம் சொல்லிவிட்டால், லாஜிக்கின் கடைசிக் கேள்வியில் அவருக்குத் தேவையே இல்லை என்று ஆகிவிடும்.

எங்கள் அத்தை ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். கரூர்ப் பக்கம் கிராமம், 1990களில் கல்யாணம். "ரெண்டாவது பிரசவத்தோடயே பண்ணிட்டாங்கப்பா. மூணு மாசம் கழிச்சு மறுபடி வந்து படுக்க முடியுமா? அப்பவே முடிச்சது நல்லதுதான்" என்றார். வேறு ஏதாவது சொன்னார்களா அத்தை என்று கேட்டதற்கு, "வேற என்ன இருக்கு?" என்றார். அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை, நல்ல முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறார். நான் கவனித்தது அந்தப் பதிலை. இதைத்தான் செய்யமுடியும் என்று இருந்ததை அவர் செய்தார், அது பொருந்திவிட்டது. பொருந்தாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல இந்த எண்ணிடம் எதுவும் இல்லை.

ஆபரேஷனைக் குறை சொல்வதா?

இப்படி எழுதினால் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் எல்லோரும் ஏமாற்றப்பட்டவர்கள் என்று சொல்வதுபோல ஆகிவிடும். அது உண்மையும் இல்லை, மரியாதையும் இல்லை. ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆபரேஷனுக்கு நல்ல காரணங்கள் உண்டு. தினமும் மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் கணவனிடம் ஆணுறைக்காகக் கெஞ்ச வேண்டாம். மாதாமாதம் மருந்துக்கடைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் செலவு இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது, அதிலும் நூற்றுக்கு 45 சிசேரியன். அங்கே இருக்கும்போதே முடித்துக்கொள்வது நடைமுறையில் சுலபம். குடிகாரக் கணவனோடு வாழும் பெண்ணுக்கு, யாருடைய ஒத்துழைப்பும் இல்லாமல் தன் கையில் இருக்கும் ஒரே கட்டுப்பாடு அதுவாக இருக்கலாம்.

ஆனால் கவனியுங்கள். மேலே சொன்ன காரணங்களில் பாதி, மற்ற வழிகள் அடைபட்டிருப்பதால் வந்தவை. கணவன் ஒத்துழைத்தால், மாத்திரை வீட்டில் வெளிப்படையாக இருக்கமுடிந்தால், நர்ஸம்மாவிடம் மாமியார் இல்லாமல் தனியாகப் பேசமுடிந்தால், அந்தக் காரணங்கள் சிலருக்கு மாறும். ஆண்களுக்கான ஆபரேஷன் சிறியது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். தமிழ்நாட்டில் அதன் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம்.

அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது, பணமும் பரிசுப்பொருளும் கொடுத்து. அந்த முகாம் நாட்டுக்கே மாதிரி ஆனது. பிறகு நெருக்கடி நிலை. 1976-77ல் நாடு முழுக்க சுமார் 83 லட்சம் ஆபரேஷன், அதில் 62 லட்சம் ஆண்களுக்கு, பெரும்பகுதி மிரட்டியும் வற்புறுத்தியும். 1977 தேர்தலில் ஆட்சி போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எல்லாக் கட்சிகளும் புரிந்துகொண்டன. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்களைத் தொடத் துணியவில்லை. இலக்கு மட்டும் நிற்கவில்லை. அது பெண்களின் பக்கம் திரும்பியது.

1996ல் இலக்குகள் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது. முகாம்கள் தொடர்ந்தன. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஆபரேஷன். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார். அந்த மாவட்டத்து முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் குறைந்தது 13 பெண்கள் அடுத்த சில நாட்களில் இறந்துபோனார்கள். அராரியா சம்பவத்திலிருந்து தொடங்கிய தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது. பிலாஸ்பூர் முகாமிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போன பெண்களிடம் அன்று சாயங்காலமே சர்வே எடுத்திருந்தால், 83 பேரும் 'தேவை நிறைவேறியவர்கள்' என்றுதான் பதிவாகியிருப்பார்கள். அளவுகோலில் அதைத் தவிர வேறு பெட்டி இல்லை.

திரும்ப முடியாத முறை ஒன்றை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதை நாகப்பட்டினம் கடற்கரை 2004 டிசம்பரில் பார்த்தது. சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மறுபடி குழந்தை பெறமுடியுமா என்று கேட்டு வந்தார்கள். வெட்டிய குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனுக்கான செலவைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது, அது நல்ல காரியம். ஆனால் அந்த ஆபரேஷன் எல்லோருக்கும் பலிப்பதில்லை. சுனாமி தினமும் வராதுதான். குழந்தை இறப்பதும், கணவன் இறந்து மறுமணம் ஆவதும், 24 வயதில் எடுத்த முடிவு 32 வயதில் வேறாகத் தெரிவதும் சத்தமில்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆபரேஷன் செய்ததற்கு வருத்தப்படுகிறீர்களா என்று குடும்பநல ஆய்வில் ஒரு கேள்வி உண்டு. அந்தப் பதில் நிறைவேறாத தேவையின் கணக்குக்குள் வருவதே இல்லை.

பட்டியலிலேயே இல்லாதவர்கள்

தலைப்பு எண்ணின் வகுக்கும் பக்கத்தைப் பார்த்தால் இன்னொரு தடை தெரியும். சர்வேயின் சுருக்கத் தாளில் கருத்தடை பற்றிய அட்டவணைகள் 'தற்போது திருமணமான, 15 முதல் 49 வயதுப் பெண்கள்' என்றே தொடங்குகின்றன. திருமணம் ஆகாதவர், விதவை, கணவனைப் பிரிந்தவர் யாருக்கும் அங்கே தேவையும் இல்லை, நிறைவேறாத தேவையும் இல்லை. சட்டம் இந்த இடத்தைத் தாண்டிவிட்டது. கருத்தடை தோற்றதால் வந்த கர்ப்பத்தைக் கலைக்கும் உரிமை 1971 சட்டத்தில் 'திருமணமான பெண்'ணுக்குத்தான் இருந்தது. 2021 திருத்தம் அதை 'எந்தப் பெண்ணும்' என்று மாற்றியது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்களை விலக்கிவைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அளவுகோல் மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது.

இந்தக் குருட்டுப் புள்ளிக்குத் தமிழ்நாட்டில் சிறந்த உதாரணம் அவசரக் கருத்தடை மாத்திரை. உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டிய மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று இந்தியா முழுக்க அனுமதி. தமிழ்நாட்டில் அதற்குச் சட்டப்படி தடை எதுவும் இல்லை. ஆனால் பல வருஷங்களாக இங்கே மருந்துக்கடையில் போய்க் கேட்டால் "இல்லை" என்பதுதான் வழக்கமான பதில். பக்கத்தில் பெங்களூரில் கிடைக்கும். தடை என்று தாளில் இருந்தால் வழக்குப் போடலாம், தாளில் இல்லாத தடையை எங்கே போய் எதிர்ப்பது? 72 மணி நேரம் என்ற கெடு வைத்த மருந்துக்கு "அடுத்த வாரம் வரும்" என்பதும் மறுப்புதான்.

இதன் விளைவு எங்கே போய் முடிகிறது? 2018 தொடக்கத்தில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 2015ல் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்திருக்கும் என்று மதிப்பிட்டது. பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை மூலமாக. கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி திட்டமிடாதவை என்றும் சொன்னது. தகவல் திரட்டிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தேவை பெரும்பாலும் நிறைவேறிவிட்டது என்று ஓர் எண் சொல்கிற நாட்டில் இது இன்னொரு எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு இல்லை.

தடை என்றால் தூரம் மட்டுமா?

தடை என்றதும் ஆஸ்பத்திரி தூரம், மாத்திரை இருப்பு, விழிப்புணர்வு என்றுதான் பொதுவாக யோசிக்கிறோம். குட்மாக்கர் நிறுவனம் 2016ல் 52 வளரும் நாடுகளின் சர்வேக்களைச் சேர்த்துப் பார்த்தது. நிறைவேறாத தேவை உள்ள திருமணமான பெண்கள் ஏன் எந்த முறையும் பயன்படுத்தவில்லை என்பதற்குச் சொன்ன காரணங்களில், கிடைக்கவில்லை, தெரியாது என்பவை ஒற்றை இலக்கத்தில்தான். பக்க விளைவு, உடல்நலப் பயம் என்பது சுமார் கால்வாசி. தானோ மற்றவர்களோ எதிர்ப்பு என்பது அதற்குக் கொஞ்சம் குறைவு.

பக்க விளைவுப் பயத்தை 'மூடநம்பிக்கை' என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் காப்பர் டி சிலருக்கு உதிரப்போக்கைக் கூட்டும், மூன்று மாத ஊசி சிலருக்கு மாதவிலக்கைத் தாறுமாறாக்கும். இவை பாடப்புத்தகத்திலேயே இருப்பவை. முன்கூட்டிச் சொன்னால், பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால், பயம் பாதியாகும். ஐந்தாவது ஆய்வில், தான் பயன்படுத்தும் முறையின் பக்க விளைவுகள் பற்றித் தனக்குச் சொல்லப்பட்டது என்றவர்கள் இந்திய அளவில் சுமார் 62 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் பாதிக்கும் கீழே இருந்ததை நினைத்தால் முன்னேற்றம்தான். மிச்சம் 38 பேரின் உடம்பில் ஒரு மருந்தோ கத்தியோ பட்டது என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களும் 'நிறைவேறியவர்கள்'தான்.

'அந்தரா' என்ற மூன்று மாத ஊசியும், லக்னோ ஆய்வகத்தில் உருவாகி 'சாயா' என்ற பெயரில் வரும் வாராந்திர மாத்திரையும் 2017லிருந்து அரசுத் திட்டத்தில் இருக்கின்றன. ஐந்தாவது ஆய்வின்போது ஊசி பயன்படுத்தியவர்கள் 0.6 சதவீதம். பட்டியலில் ஒரு முறையைச் சேர்ப்பது ஒன்று. நர்ஸம்மா அதைப் பற்றி உட்கார்ந்து பேச நேரம் இருப்பது வேறு.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன்?

தமிழகத்தில் கருத்தடை பற்றிய விவாதம் புதுசு இல்லை. 1928ல் சென்னையில் நியோ மால்தூசியன் லீக் தொடங்கியது. படித்த, வசதியான ஆண்கள் மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்ட சங்கம். அதே காலத்தில் பெரியார் 'கர்ப்பத்தடை' பற்றி எழுதினார். மற்றவர்கள் வறுமை, உடல்நலம், சொத்து என்று காரணம் சொல்கிறார்கள், நாம் சொல்வது பெண்ணின் விடுதலைக்காக என்பது அவர் வாதம். நாம் பெருமையோடு நினைவுகூர்வது இரண்டாவதை. சர்வேயில் அளப்பது முதலாவதை.

எண்ணிக்கைதான் குறிக்கோள் என்றால், எண்ணிக்கை தேவைப்படும் திசை மாறும்போது எல்லாம் மாறும். தமிழ்நாட்டின் கருவள விகிதம் ஐந்தாவது ஆய்வில் 1.8. தொகுதி மறுவரையறை பேச்சு வந்ததும் காற்று திரும்பிவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகக் குழந்தை பெறச் சொன்னார். அதே மாதம் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் பதினாறு பெற்றால் என்ன என்ற பேச்சை எடுத்தார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், முன்பெல்லாம் பொறுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று வாழ்த்துவோம், இப்போது உடனே என்று சொல்லவேண்டியிருக்கிறது என்ற பொருளில் பேசினார். தொகுதிகள் பற்றிய கவலை நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் நேற்று "போதும்" என்றதும் இன்று "பெறுங்கள்" என்பதும் ஒரே இடத்திலிருந்து, ஒரே ஆட்களை நோக்கித்தான் வருகிறது. நாளைக்குத் தற்காலிக முறைகளுக்கான நிதியோ ஆளோ குறைந்தால், "தேவைதான் நிறைவேறிவிட்டதே" என்று காட்ட இந்த எண் தயாராக இருக்கும். அடிபடப் போவது கல்யாணத்துக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் நிற்கிற அந்த இருபத்து மூன்று வயதுப் பெண்தான்.

என்ன கேட்கலாம்?

இதற்கு மாற்றாக யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். லீ செண்டரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2020ல் 'கருத்தடைத் தன்னாட்சி' என்ற அளவுகோலை முன்வைத்தார். பெண்ணுக்குத் தகவல் தெரிந்ததா, உண்மையில் பல முறைகள் கைக்கெட்டினவா, யாருடைய அழுத்தமும் இல்லாமல் முடிவெடுத்தாரா என்று மூன்றையும் தனித்தனியே கேட்பது. வேண்டாம் என்று தெளிந்து முடிவெடுத்தவரும் அதில் வெற்றிக் கணக்கில் வருவார். வேண்டாத முறையில் மாட்டிக்கொண்டவர் தோல்விக் கணக்கில் வருவார்.

அவ்வளவு பெரிய மாற்றம்கூட உடனே வேண்டாம். இருக்கிற சர்வேயிலேயே சில காரியங்கள் செய்யலாம். நிறைவேறாத தேவையை வயதும் குழந்தை எண்ணிக்கையும் பிரித்து, முதல் பக்கத்திலேயே போடலாம். வேறு முறைகள் பற்றிச் சொன்னார்களா, பக்க விளைவைச் சொன்னார்களா, பிரச்சினை வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் 'ஆம்' என்றவர்களை மட்டும் நிறைவேறியவர்களாக எண்ணி, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடலாம். ஆபரேஷன் செய்தவரிடம், அப்போது வேறு முறை கேட்டீர்களா, கிடைத்ததா என்று ஒரு கேள்வி சேர்க்கலாம். காப்பர் டியை எடுக்கச் சொல்லிக் கேட்டு மறுக்கப்பட்டவர்களை எண்ணலாம். மருந்துக்கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எந்தெந்த முறை அன்றைக்குக் கையிருப்பில் இருந்தது என்று மாவட்ட வாரியாக வெளியிடலாம். இதில் எதற்கும் புது விஞ்ஞானம் தேவையில்லை.

இப்படிச் செய்தால் தமிழ்நாட்டின் மதிப்பெண் குறையும். குறையட்டும். முதல் 'இஃப்'பிலேயே வெளியே அனுப்பப்பட்ட பெண்களிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டால், என் அத்தை மாதிரி "நல்ல முடிவுதான்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மற்றவர்கள் எத்தனை பேர், எந்த மாவட்டத்தில், என்ன கேட்டுக் கிடைக்காமல் போனார்கள் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.